சின்ன லேப்டாப்பின் உள்ளேயே கூடுதல் யுஎஸ்பி போர்ட் வைக்க முடியுமா?

முடியும். நான் வைத்திருக்கிறேன். முதல் தடவை கெடுத்தேன், இரண்டாம் தடவை ஒழுங்காக வந்தது.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. சின்ன லேப்டாப், இரண்டே போர்ட். ஒன்றில் மவுஸ், இன்னொன்றில் நெட் டாங்கிள். பென்டிரைவ் போட வேண்டுமென்றால் எதையாவது பிடுங்க வேண்டும். வெளியே ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி) தொங்குவது பிடிக்கவில்லை, உள்ளேயே வைக்க வழியுண்டா என்று கேட்கிறீர்கள். "150 ரூபாய்க்கு ஹப் விற்கிறது, எதற்கு லேப்டாப்பைப் பிரிக்கிறாய்?" என்று சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். அவர்களில் ஒருவர்கூட ஜெராக்ஸ் கடை நடத்தியிருக்க மாட்டார்.

நான் நடத்தினேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில், எட்டுக்குப் பத்து கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு டெஸ்க்டாப், ஒரு நெட்புக் என்கிற குட்டி லேப்டாப். 10 இன்ச் திரை, ஆட்டம் என்270 பிராசசர், 1 ஜிபி ராம். மூன்று போர்ட் இருந்ததில் ஒன்று கடல் காற்றில் பச்சை பூத்துச் செத்துப்போனது. எங்கள் ஊரில் இது புதிதல்ல. சைக்கிள் செயினிலிருந்து கேஸ் அடுப்பு வரை எல்லாவற்றுக்கும் அதே கதிதான்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்தது. அப்புறம் வாரக்கணக்கில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. விண்ணப்பம் அடிக்க, ரேஷன் கார்டு நகலெடுக்க என்று கடைவாசலில் கூட்டம். வாடகை ஜெனரேட்டரில் டெஸ்க்டாப்பையும் சேர்த்து ஓட்டினால் டீசல் கட்டுப்படியாகாது. அதனால் முழு வேலையும் நெட்புக் தலையில் விழுந்தது. பிரிண்டர், டேட்டா கார்டு என்கிற நெட் டாங்கிள், மவுஸ் மூன்றும் மாட்டியாக வேண்டும். கூடவே வருபவர் போகிறவர் எல்லாருடைய பென்டிரைவும். இருந்ததோ இரண்டு போர்ட். ஒரு ஹப்பை வாங்கி மேசை விளிம்பில் தொங்கவிட்டிருந்தேன். ஒரு நாள் மாலை கூட்டத்தில் யாரோ ஒருவர் முழங்கை பட்டு ஹப் கீழே விழுந்தது. பிரிண்டர் பாதித் தாளில் நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு கல்லூரிப் பெண்ணின் பென்டிரைவில் ஃபைல் ஏறிக்கொண்டிருந்தது. மொத்த பென்டிரைவும் திறக்காமல் போய்விட்டது. உள்ளே அந்தப் பெண்ணின் பிராஜெக்ட் ரிப்போர்ட். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கூட வந்த அவளுடைய அப்பாதான், "வயரைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாதவன் எதுக்குய்யா கடை வச்சிருக்க?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். நான் ஐடிஐயில் ரேடியோ, டிவி மெக்கானிக் படித்தவன். என்னைப் பார்த்து வயர் வைக்கத் தெரியாதவன் என்றால் சும்மா இருக்க முடியுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணம். இருக்கிற போர்ட்டின் வயரிலிருந்தே இன்னொரு வயரை இழுத்து, வீட்டில் பிளக் பாயிண்டிலிருந்து இன்னொரு பிளக் பாயிண்ட் எடுப்பதுபோல எடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கரண்ட் வேண்டுமானால் அப்படி வரும், டேட்டா வராது. யுஎஸ்பியில் ஒரு ஜோடி டேட்டா வயரில் ஒரு முனைக்கு ஒரு முனைதான் பேச முடியும். நடுவில் பிரித்துக் கொடுக்க ஒரு ஹப் சிப் கட்டாயம் வேண்டும். ஆகவே உள்ளே வைக்கப்போவதும் ஒரு ஹப்தான், சட்டையைக் கழற்றிய ஹப்.

இணைப்பை எங்கிருந்து எடுப்பது? எனக்குச் செத்த போர்ட் ஒன்று இருந்ததால் வேலை சுலபம். சாக்கெட்தான் செத்தது, போர்டில் அதன் லைன் உயிரோடுதான் இருந்தது. உங்களுக்குச் செத்த போர்ட் இல்லையென்றால் வேறு இடம் தேட வேண்டும். என்270 காலத்து நெட்புக்குகளில் போர்டில் வழக்கமாக இருந்த ஐசிஎச்7 என்ற சிப்பிலேயே எட்டு யுஎஸ்பி லைன் உண்டு. வெளியே தெரிவது இரண்டோ மூன்றோதான். மற்றவை வெப்கேம், புளூடூத், சில மாடல்களில் கார்டு ரீடர் என்று உள்ளுக்குள்ளேயே போய்விடும். 3ஜி கார்டுக்காக விட்டுவைத்த மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் சாக்கெட் காலியாகக் கிடந்தால் அதன் 36, 38ஆம் பின்கள்தான் யுஎஸ்பி டேட்டா. ஆனால் அந்தப் பின்களுக்கு நடுவே 0.8 மில்லிமீட்டர் இடைவெளிதான், கை நடுங்குகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வது நல்லது. வெப்கேம் வயரிலிருந்தும் எடுக்கலாம். சில மாடல்களில் அதற்கு 5 வோல்ட் வராது, 3.3தான் வரும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

ஹப்பை பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் வாங்கினேன், காந்தி வீதியில் தரையில் பரப்பி வைத்திருந்த ஒரு கடையில். 80 ரூபாய். பிரித்தால் உள்ளே பெயர் போட்ட சிப் இல்லை, போர்டில் சிப்பை மூடிய ஒரு கறுப்புப் பொட்டு மட்டும். போட்டுப் பார்த்ததில் 12 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மேல் போகவில்லை. யுஎஸ்பி 2.0 என்றால் 480 வர வேண்டும். அது தெரிந்தும் அவசரத்தில் அதையே உள்ளே வைத்தேன். அது ஒரு முட்டாள்தனம்.

செத்த சாக்கெட்டைக் கழற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. அதன் இரும்புக் கால்கள் போர்டின் கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். 25 வாட் சோல்டரிங் அயர்ன் வைத்தால் சூட்டை எல்லாம் போர்டே குடித்துவிடும், ஈயம் இளகாது. கடைசியில் கட்டிங் பிளேயரால் சாக்கெட்டைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு காலாகச் சூடேற்றிப் பிடுங்கினேன். அவசரப்பட்டு இழுத்ததில் ஒரு டேட்டா காலின் செம்புப் பட்டையும் கூடவே உரிந்து வந்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்து அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து போனேன். அரிசி முனையளவில் நான்கு காலோடு ஒரு சின்ன காயில் இருந்தது. அதன் காலில் மோட்டார் சுற்றுகிற எனாமல் கம்பியில் ஒன்றைப் பிடித்து வைத்தேன். அந்த ஒரு பொட்டு ஈயத்துக்கு ஒரு மணி நேரம்.

வயர் நிறம் தெரிந்திருக்கும்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் டேட்டா. வெள்ளையும் பச்சையும் மாறினால் ஒன்றும் ஆகாது, சாதனத்தை அடையாளம் தெரியவில்லை என்று மட்டும் சொல்லும். சிவப்பும் கறுப்பும் மாறினால் புகைதான். டேட்டா வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, முடிந்தவரை குட்டையாக வையுங்கள். நான் முதலில் இரண்டையும் தனித்தனியே வளைத்து வளைத்துக் கொண்டுபோனேன். பென்டிரைவ் ஒரு நிமிடம் தெரியும், மறு நிமிடம் காணாமல் போகும்.

மூடியை மூடினேன், ஸ்குரூ போட்டேன், ஆன் செய்தேன். வேலை செய்தது. ஒரு விண்ணப்பம் அடிக்கலாம் என்று உள்ளங்கையைக் கீழே ஊன்றியதும் கருகல் வாசனை. டச்பேடுக்கு அடியில் ஒரு தகடு இருக்கும். ஹப்பின் ஈயப் பக்கம் அதில் உட்கார்ந்துவிட்டது. போர்டில் இருந்த பாதுகாப்பு லேப்டாப்பைக் காப்பாற்றியது, ஹப் மட்டும் போனது. என் மனைவி அடுப்படியிலிருந்து, "என்னங்க, ஏதோ தீயற வாசன வருது" என்றாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. சாம்பிராணி என்று சொன்னேன்.

பழைய டவுனில் ரேடியோ ரிப்பேர் செய்த ஒரு பெரியவர் இருந்தார், எல்லாரும் பாய் என்போம். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கருகிய ஹப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஷார்ட்ட விடு தம்பி, அது டேப் ஒட்டுனா சரியாயிடும். ஒரு குழாயில நாலு வீட்டுக்கு கனெக்ஷன் குடுத்திருக்கியே, மாடி வீட்டுக்குத் தண்ணி ஏறுமா?" என்றார். அதுதான் நான் யோசிக்காதது. யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர். அதிலிருந்து மின்சாரம் எடுக்கிற நாலு போர்ட் ஹப்பில், கணக்குப்படி ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100தான். மவுஸுக்குப் போதும், பென்டிரைவுக்கு இழுபறி. டேட்டா கார்டு ஒன்றே மொத்தத்தையும் குடித்துவிடும். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதற்கும் மேலே கேட்கும்.

இரண்டாம் தடவை கொஞ்சம் காசு கொடுத்து ஜிஎல்850ஜி என்ற ஹப் சிப்பும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் உள்ள ஹப் வாங்கினேன். டேட்டாவும் கிரவுண்டும் மட்டும் பழைய போர்ட் லைனிலிருந்து. அங்கிருந்த சிவப்பு வயரை வெட்டிவிட்டு, லேப்டாப் ஹார்ட் டிஸ்க் கனெக்டருக்கு வரும் 5 வோல்ட்டிலிருந்து தனியாக எடுத்து, நடுவில், கரண்ட் அளவு மீறினால் தடுக்கும் பாலிஃபியூஸ் ஒன்றை வைத்தேன். வெட்டாமல் இரண்டு பக்க 5 வோல்ட்டையும் சேர்த்துவிடாதீர்கள், ஒன்று இன்னொன்றுக்குள் பாயும். ஷார்ட் ஆகாமலிருக்க வீட்டிலிருந்த பழைய எக்ஸ்ரே ஃபிலிமை ஹப் அளவுக்கு வெட்டி அடியிலும் மேலும் வைத்தேன். என் அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரே அது. இன்றும் உள்ளேதான் இருக்கிறது.

உள்ளே என்ன மாட்டுவது என்பதிலும் ஒரு பாடம். டேட்டா கார்டை உரித்து உள்ளேயே வைத்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். சுற்றிலும் தகடு, சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கியது. போதாததற்கு உள்ளங்கை வைக்கும் இடம் தோசைக்கல். எடுத்துவிட்டேன். கடைசியில் வயர்லெஸ் மவுஸின் ரிசீவர் ஒன்று, விண்ணப்பப் படிவங்களும் தமிழ் எழுத்துருக்களும் போட்ட 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, இரண்டும் உள்ளே. மூன்றாவது போர்ட்டை வெளியே கொண்டுவரப் பக்கவாட்டில் பிளேடைச் சூடாக்கி வெட்டினேன். எலி கடித்த மாதிரி இருக்கும், ஆனால் ஆடாது. நாலாவதை விட்டுவிட்டேன். உள்ளே பென்டிரைவ் வைத்தால் பயாஸ் செட்டிங்கில் பூட் வரிசையை, அதாவது எதிலிருந்து முதலில் தொடங்குவது என்பதை, மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் என்னைப் போல ஆன் செய்துவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். பேட்டரி முன்னைவிட அரை மணி நேரம் சீக்கிரம் தீர்ந்தது, அதையும் மறைக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டு, கூட்டத்தை நிற்க வைக்காமல் வேலை முடித்துக் கொடுத்தால் என்ன சொல்வார்கள் தெரியுமா? "ஒரு பக்கம் ஒரு ரூபாயா? பாண்டியில எழுபத்தஞ்சு காசுதானே." கடலூரில் கடை வைத்தவனுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை புரியும். பெட்ரோல் பாண்டியில் குறைவு, சரக்கு பாண்டியில் குறைவு, அதனால் ஜெராக்ஸும் பாண்டியில் குறைவாம். 25 காசு மிச்சம் பிடிக்க பஸ் ஏறி அரியாங்குப்பம் தாண்டிப் போய் வருவார்களா? போக மாட்டார்கள். என்னிடம் சொல்லிவிட்டு நாலு பக்கத்துக்கு மூன்று ரூபாய் வைத்துவிட்டுப் போவார்கள். ஜெனரேட்டர் டீசல் என்ன பாண்டி விலையிலா எனக்கு வந்தது? இதைக் கேட்க ஆளில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

உங்களுடையது இப்போது வருகிற மெல்லிய லேப்டாப் என்றால் நானே வேண்டாம் என்பேன். பயந்து சொல்லவில்லை. அதில் உள்ளே ஹப் வைக்க இடமே இருக்காது. வைஃபை கார்டு உட்காரும் எம்.2 சாக்கெட்டில் புளூடூத்துக்காக ஒரு யுஎஸ்பி லைன் வரும், ஆனால் அது ஏற்கனவே வேலையில் இருக்கிறது. எஸ்எஸ்டி போடுகிற, எம் கீ என்ற வகை எம்.2 சாக்கெட்டில் யுஎஸ்பி கிடையாது, அங்கே தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். பேட்டரியை உள்ளே பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், நெம்பும்போது ஸ்குரூடிரைவர் குத்தினால் தீப்பிடிக்கும். அதற்கு வெளி ஹப்பே போதும், மேசைக்கு அடியில் டபுள் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், முழங்கை படாது.

பழைய நெட்புக்தான், வாரண்டி எப்போதோ முடிந்தது என்றால், மாடல் பெயரையும் பின்மூடியைக் கழற்றிய போட்டோவையும் போடுங்கள். எந்த இடத்தில் ஹப் உட்காரும் என்று பார்த்துச் சொல்கிறேன். மூடியைத் திறப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.