கேளுங்க அக்கா: இன்டர்வியூல வர்ற இங்கிலீஷ்

கேள்வி: அக்கா, நான் பி.காம், கரூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில 2 வருஷம் பில்லிங் பாத்தேன். கோயம்புத்தூர்ல அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போனப்ப "அங்க என்ன பண்ணீங்க"ன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க, வாயே வரல. ரெஸ்யூமேல டைனமிக், டெடிகேட்டட்னு எல்லாம் போட்டிருந்தேன். எந்த வார்த்தையெல்லாம் படிக்கணும்?

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த டைனமிக்கை எடுத்துடும்மா. அது யார் ரெஸ்யூமேலயும் இருக்கு, உன்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. ஒரு பேப்பர் எடுத்து காலைல ஆபீஸ் போனதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன செஞ்சன்னு தமிழ்லயே எழுது. பில் போட்டேன், பாக்கி வெச்சவங்களுக்கு போன் பண்ணி கேட்டேன், பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் நம்ம கணக்கையும் ஒத்துப் பாத்தேன், ஜிஎஸ்டிக்கு டேட்டா எடுத்துக் குடுத்தேன், இப்படி. இது ஒவ்வொண்ணுக்கும் ஒரு வினைச்சொல் கத்துக்கிட்டா போதும். பில் போட்டது "ப்ரிப்பேர்டு இன்வாய்சஸ்", பாக்கி கேட்டது "ஃபாலோடு அப் ஆன் பேமென்ட்ஸ்", ஒத்துப் பாத்தது "ரிகன்சைல்டு". இந்த கடைசி வார்த்தை அக்கவுண்ட்ஸ் இன்டர்வியூல வராம இருக்காது, சத்தமா பத்து தடவ சொல்லிப் பாத்துட்டுப் போ.

இன்னொண்ணு. "ஹேண்டில்டு"ன்னா நீயே பொறுப்பெடுத்து முழுசா செஞ்சது, "அசிஸ்டட்"னா கூட இருந்து உதவுனது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைல் பண்ணது ஆடிட்டர், நீ டேட்டா மட்டும் குடுத்தன்னா "அசிஸ்டட்"னே சொல்லு, அதுல ஒரு குறைச்சலும் இல்ல. "ஹேண்டில்டு"ன்னு சொல்லிட்டா அடுத்த கேள்வியே வித்த பில் விவரம் குடுக்குற ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர் 1 என்னைக்குள்ள போடணும், மொத்தக் கணக்கு சொல்லி வரி கட்டுற ரிட்டர்ன் 3பி என்னைக்குன்னுதான் வரும் (மாசாமாசம் போடுறவங்களுக்கு 11ம் தேதி, 20ம் தேதி, நீ டேட்டா எடுத்தவங்கறதால உனக்கே தெரிஞ்சிருக்கும்). உனக்குத் தெரிஞ்ச வேலையைத்தானே சொல்லப் போற, சின்னச் சின்ன வாக்கியமா சொல்லு.

கேள்வி: திருநெல்வேலில இன்ஜினியரிங் கடைசி வருஷம். கேம்பஸ் ஃபார்ம்ல "ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்"னு ஒரு இடம் இருக்கு. நான் ரெண்டு அரியரையும் க்ளியர் பண்ணிட்டேன், நில்னு போடலாமா?

பதில்: போடாதீங்க தம்பி. "ஸ்டாண்டிங் அரியர்"னா இன்னும் முடிக்காம இருக்கறது, அங்க நில் போடுங்க. "ஹிஸ்டரி"ன்னா எப்பயாச்சும் வந்து போனதும் சேர்த்தி, அங்க 2. மார்க் ஷீட் எடுத்துப் பாத்தா தெரியத்தான் போகுது, பொய் சொன்னதா ஆயிடும். வேற ஸ்டேட் கம்பெனி ஃபார்ம்ல இதையே "பேக்லாக்"னு போட்டிருப்பாங்க, குழம்பிக்காதீங்க. அப்படியே "ஐ பாஸ்டு அவுட்"டையும் விட்டுடுங்க, நம்ம ஊர்ல எல்லாருக்கும் புரியும், ஆனா வெளிநாட்டு மேனேஜர் லைன்ல இருந்தா மயங்கி விழுந்ததாத்தான் அவர் காதுல விழும். "ஐ கிராஜுவேட்டட்"னு சொல்லுங்க. "மைசெல்ஃப்"னு ஆரம்பிக்காதீங்க, "ஐ ஆம்" போதும்.

கேள்வி: சிடிசி 3 லட்சம்னு சொன்னாங்க, ஓகேன்னுட்டேன். மாசம் 25,000 கைக்கு வரும்தானே அக்கா?

பதில்: வராதுப்பா. எனக்கு இந்தக் கேள்வி வர்றப்பல்லாம் மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா என் முதல் வேலைல நானும் இப்படித்தான் தலையாட்டிட்டு, வீட்லயும் அந்தத் தொகையையே சொல்லிட்டு, முதல் மாச சம்பளம் வந்தப்ப அம்மா முகத்தைப் பாக்க முடியாம நின்னேன். சிடிசின்னா கம்பெனிக்கு உங்களால ஆகுற மொத்த செலவு. பேசிக் 15,000னு வெச்சுக்கோங்க, அதுல 12 சதவீதம், 1,800 ரூபா, கம்பெனி உங்க பிஎஃப்ல போடுறது, அது பெரும்பாலும் அந்த 25,000க்குள்ளதான் இருக்கும். உங்க பங்கு இன்னொரு 1,800 பிடிப்பாங்க. நிறைய கம்பெனில கிராஜுவிட்டியையும் (வேலையை விட்டுப் போறப்ப கம்பெனி குடுக்குற தொகை) பேசிக்ல 4.81 சதவீதம்னு சேர்த்துடுவாங்க, அது 720 ரூபா பக்கம், பொதுவா 5 வருஷம் வேலை பாத்தாதான் கைக்கு வரும். ஆக 20,700க்கு கொஞ்சம் கீழ நிக்குது, வேற பிடித்தம் இருந்தா இன்னும் குறையும். பிஎஃப் உங்க காசுதான், எங்கயும் போகல, ஆனா ரூம் வாடகையை அதுல குடுக்க முடியாதுல்ல.

ஆஃபர் லெட்டர் இன்னும் சைன் பண்ணலேன்னா இன்னைக்கே ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க: "குட் யூ ப்ளீஸ் ஷேர் தி சேலரி பிரேக் அப் அண்ட் தி மந்த்லி டேக் ஹோம்?" இப்படிக் கேக்குறதால யாரும் வேலையைப் பிடுங்கிட மாட்டாங்க. அந்த லெட்டர்லயே நோட்டீஸ் பீரியட், அதாவது வேலையை விடுறதுக்கு எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்கறது, 30 நாளா 90 நாளான்னும் பாத்துடுங்க.