மேல் வீட்டு அண்ணனும் மாற்றுச் சாவியும்

கேள்வி: கும்பகோணத்தில் மேலக்காவேரிப் பக்கம், முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். மூன்று மாடி, 12 வீடு. கணவர் துபாயில். நானும் ஆறு வயது மகளும்தான். ஒரு சஸ்பென்ஸ் நாவல் எழுதியிருக்கிறேன். இதே மாதிரி ஒரு கட்டடத்துக்குப் புதிதாக வாடகைக்கு வருகிற பெண்ணை மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மிரட்டுகிறார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டுகிறார்கள், வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடக்கிறது, லிஃப்டில் ரத்தம். படித்த தோழிகள், “பயமே வரல, ஊரை அண்ணா நகர்னு மாத்தினாலும் கதைக்கு ஒண்ணும் ஆகாது” என்கிறார்கள். கோயில், காபி, வெற்றிலை என்று இருக்கிற எங்கள் ஊரில் திகில் கதை எடுபடாதா?

பின்குறிப்பு: வில்லனுக்கு எங்கள் மேல் வீட்டு அண்ணனைத்தான் மாதிரியாக வைத்தேன். தண்ணீர்க் கசிவு சரிபார்த்தபோது கொடுத்த மாற்றுச் சாவி இன்னும் அவரிடம் இருக்கிறது. என் கணவர் ஊருக்கு வரும் தேதி எனக்கு முன்னால் அவருக்குத் தெரிகிறது. போன வாரம், “ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட் எரிஞ்சுதே, தூக்கம் வரலியாம்மா?” என்று கேட்டார். நாவல் வெளிவந்தால் கோபித்துக்கொள்வாரோ?

– பெயர் வேண்டாம், கும்பகோணம்.

பதில்: தாராளமாக எடுபடும். ஒரு காலத்தில் தமிழ் வாசகர்களைத் துப்பறியும் நாவல்களால் கட்டிப்போட்ட வடுவூர் துரைசாமி ஐயங்கார் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். துப்பறியும் சாம்புவைப் படைத்த தேவன் உங்களுக்கு மிக அருகில், திருவிடைமருதூரில் பிறந்தவர். ஆகவே ஊர்மேல் பழி போட வேண்டாம். கோளாறு அந்த எலுமிச்சம்பழத்தில் இருக்கிறது.

பழத்தைப் பார்த்த நிமிஷமே இவர்கள் கெட்டவர்கள் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: இந்தப் பெண் ஏன் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை? வாடகைக்கு வந்தவள்தானே, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? லிஃப்ட் ரத்தத்தையும் துடைத்துவிடுங்கள். முப்பது வருஷத்துக்கு முன் கும்பகோணத்தில் கட்டிய மூன்று மாடிக்கு லிஃப்ட் ஏது? உங்கள் கட்டடத்தில் இருக்கிறதா, சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் யாரும் யாரையும் முறைத்துப் பயமுறுத்துவதில்லை. விசாரிப்பார்கள். எங்கே கிளம்பிட்டீங்க, யார் வந்துட்டுப் போனாங்க, மாப்பிள்ளை போன் பண்ணினாரா? தெருவில் வரிசை வீடுகள் இருந்தபோதும் இதே விசாரணைதான். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் கேட்டால் எதிர்த் திண்ணைக்காரர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருவர் எல்லை மீறினால், “போதும் விடுய்யா, அந்தப் பொண்ணைப் போக விடு” என்று சொல்ல இன்னொரு குரல் வரும். அடுக்குமாடி வந்ததும் விசாரிக்கிற பழக்கம் மட்டும் மாடிப்படி ஏறி வந்துவிட்டது, கேட்டுக்கொண்டிருந்த தெரு கீழேயே நின்றுவிட்டது. நாலு வீட்டுக் கதவும் சாத்தியிருக்கிற நடைவழியில் ஒருவர் அக்கறையாக ஒரு கேள்வி கேட்கிறார். அது அக்கறைதானா என்று சொல்லச் சாட்சி இல்லை. உங்கள் நாவலின் பயம் அங்கே இருக்கிறது. அண்ணா நகருக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாமல் பத்து வருஷம் ஓட்டிவிடலாம்.

இந்த வில்லனுக்கு மந்திரம் வேண்டாம், கத்தி வேண்டாம். படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக இருக்கிற ஈபி மீட்டர் பெட்டிகளே போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறவர் வந்து எழுதிவிட்டுப் போகும் வெள்ளை அட்டையை மீட்டர் பக்கத்திலேயே செருகி வைத்திருக்கிற வீடுகள் எத்தனை! யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். வில்லன் படியேறும்போது சிரித்துக்கொண்டே கேட்கட்டும்: “இந்தத் தடவை உங்களுக்கு இலவச நூறு யூனிட்டே தாண்டலயே, ஊருக்குப் போயிருந்தீங்களா?” அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்கு முன்னால் உங்கள் நள்ளிரவுக் கதவுத் தட்டல் ஒன்றுமே இல்லை. பால் பை காலை ஏழு மணிக்கும் கதவில் தொங்குவது, செருப்பு எத்தனை ஜோடி கிடக்கிறது, மேல் தொட்டியிலிருந்து எந்த வீட்டுக்குத் தண்ணீர் போகிற வால்வு எது என்று ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது – எல்லாமே அவருக்கு ஆயுதம். (வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிற வீட்டை மறக்காதீர்கள். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்பதை அந்தக் கோலம் யாருக்கும் சொல்லாது. கதாநாயகிக்கு ஒரே பாதுகாப்பு அதுவாகக்கூட இருக்கலாம்.)

அடுத்தது காரணம். அத்தனை வீட்டுக்காரர்களும் ஏன் ஒரு பெண்ணைக் குறிவைக்கிறார்கள் என்பதற்கு உங்கள் சுருக்கத்தில் பதிலே இல்லை. கெட்டவர்கள், அதனால் கெட்டது செய்கிறார்கள் என்றால் போதாது. உங்களுக்குத் தேவையான காரணத்தைச் சட்டமே செய்து வைத்திருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின் இடத்தில் 2022-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும் என்று அது வழி செய்கிறது. 12 வீட்டில் 8 கையெழுத்து. நாவலில் 7 வந்தாயிற்று என்று வையுங்கள். மீதி ஐந்தில் ஒரு வீடு அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கில் கிடக்கிறது. இன்னொன்றின் சொந்தக்காரர் அமெரிக்காவில், போனே எடுப்பதில்லை. மூன்றாவது வீட்டுப் பெரியவர் செத்தாலும் இங்கேதான் என்கிறார். நான்காவது வீடு பேங்க் கடனில் சிக்கியிருக்கிறது. இருப்பதிலேயே சுலபம், தனியாக இருக்கிற பெண்.

ஆக, அவள் வாடகைக்கு வந்தவளாக இருக்கக் கூடாது. அப்பா எழுதிக் கொடுத்த வீடு என்று மாற்றுங்கள், ஏன் காலி செய்யவில்லை என்ற கேள்வியும் தானாகத் தீர்ந்துவிடும். மற்றவர்களும் இனி அரக்கர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்குப் பெண் கல்யாணம். இன்னொருவருக்கு யூடிஎஸ் என்கிற, நிலத்தில் தன் பிரிக்கப்படாத பங்கின் மதிப்பைக் கேட்டதிலிருந்து ராத்தூக்கம் இல்லை. மூன்றாம் மாடி அக்காவுக்கு முழங்கால் வலி, புதுக் கட்டடத்தில் லிஃப்ட் வரும் என்பதற்காகவே கையெழுத்துப் போட்டவர். அவர் கதாநாயகிக்கு உண்மையிலேயே பிரியமாக ரசம் கொண்டுவந்து கொடுப்பார். அதே ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் ‘சிலர்’ என்று பெயர் சொல்லாமல் வருகிற செய்திக்குக் கை கூப்பும் பொம்மையும் போடுவார். நான் பயப்படுவது அந்த அக்காவுக்குத்தான்.

மழையையும் சும்மா இடி மின்னலுக்காக வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா கரையைக் கடந்தபோது திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் மேல் தொட்டியில் தண்ணீர் இல்லை. வாடகை ஜெனரேட்டரை வைத்துத் தொட்டி நிரப்பினார்கள். உங்கள் நாவலில் அப்படி ஒரு புயல் வரட்டும். ஜெனரேட்டர் பிடித்து வருகிறவர் வில்லனாக இருக்கட்டும். குழந்தைக்குப் பால் காய்ச்சவும் குளிக்கவும் தண்ணீர் கொடுத்தவர் பிறகு ஒரு பேப்பரை நீட்டும்போது எப்படி முகம் திருப்புவது? அவளைக் கட்டிப்போடுவது பூட்டிய கதவல்ல, பட்ட கடன்.

போலீஸ் ஸ்டேஷன் காட்சி வைப்பதாக இருந்தால், அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே எஃப்ஐஆர் போட்டு ஜீப்பில் வர மாட்டார்கள். பக்கத்து வீட்டுத் தகராறா, பேசித் தீர்த்துக்கோங்க என்பார்கள். வற்புறுத்தினால் மனுவை வாங்கிக்கொண்டு சிஎஸ்ஆர் ரசீது ஒன்று கொடுப்பார்கள். கதை இப்போது நடக்கிறதென்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் ‘ஐபிசி 506’ என்று எழுத வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, மிரட்டலுக்கு அதில் 351-ஆவது பிரிவு.

சரி, இப்போது பின்குறிப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே பயம் வந்த இடம் அதுதான். நாவலில் இல்லாத அத்தனையும் அதில் இருக்கிறது. நீங்களோ அவர் கோபித்துக்கொள்வாரா என்று கேட்கிறீர்கள்.

மேல் வீட்டில் இருப்பவருக்கு, கீழ் வீட்டில் ரெண்டு மணிக்கு லைட் எரிந்தது எப்படித் தெரியும்? உங்கள் ஜன்னல் வெளிச்சம் காம்பவுண்டு சுவரில் விழுந்து அவர் பால்கனியிலிருந்து தெரியலாம். இன்று ராத்திரி லைட்டைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியே சுவரைப் பாருங்கள், வெளிச்சம் அங்கே விழுகிறதா என்று. விழவில்லையென்றால் அந்த நேரத்தில் அவர் இறங்கி வந்திருக்க வேண்டும், அல்லது கீழே எங்காவது நின்றிருக்க வேண்டும்.

தேதி விஷயத்தை முதலில் கணவரிடம் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கிற பல பேர், “வீட்டைக் கொஞ்சம் பாத்துக்கோங்கண்ணே” என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவைத்து, மனைவியிடம் சொல்ல மறந்துவிடுவார்கள். அப்படியென்றால் அவர் வெறும் அதிகப்பிரசங்கியாக இருக்கலாம். கணவரே கூப்பிட்டு, இனி எதுவானாலும் என் மனைவியையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லட்டும். கணவர் எதுவும் சொன்னதில்லை என்றால் சமாசாரம் வேறு.

எப்படியிருந்தாலும் பூட்டு மாற வேண்டும், இந்த வாரத்துக்குள். சாவியைத் திருப்பிக் கேட்டு வாங்குவதில் பயனில்லை. கடைத்தெருவில் பத்து நிமிஷத்தில் நகல் போட்டுத் தருகிறார்கள். கேட்டால், சாவி உள்ளேயே உடைந்துபோனது என்று சொல்லுங்கள். அந்தப் பொய் உங்களுக்கு அனுமதி. உள்பக்கத் தாழ்ப்பாள் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். புது மாற்றுச் சாவி உங்கள் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும், அந்தக் கட்டடத்துக்குள் வேண்டாம். அவர் என்ன சொன்னார், எந்தத் தேதி, எத்தனை மணி என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கட்டடத்தில் இன்னொரு பெண்ணிடம், அந்த அண்ணன் உங்களையும் இப்படி விசாரிப்பாரா என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். வருகிற பதில் நிறையச் சொல்லும். அவரிடம் தனியாகப் போய்ச் சண்டை போட வேண்டாம்.

வேண்டாம் என்று காட்டிய பிறகும் அவர் பின்தொடர்ந்தாலோ, போனில் தொந்தரவு செய்தாலோ, பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. உங்கள் ஊரிலேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் உண்டு. போய் மனுக் கொடுத்து சிஎஸ்ஆர் வாங்கிக்கொள்ளுங்கள், அது பின்னால் உதவும். பெண்களுக்கான உதவி எண் 181. அவசரம் என்றால் 112. மகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள், ஆறு வயசுக்கு மூன்று இலக்கம் மனப்பாடம் ஆகும்.

நாவலில் அவரை அடையாளம் தெரியாதபடி மாற்றுவது உங்கள் பாதுகாப்புக்கும் நல்லது, அவதூறு வழக்கு வராமலும் காக்கும். வேலை, வயது, குடும்பம், வீடு எல்லாவற்றையும் மாற்றுங்கள். வில்லனை ஒரு பெண்ணாகவே ஆக்கினாலும் எனக்குச் சம்மதம். அந்த ரசம் அக்கா இருக்கிறாரே. புத்தகம் எழுதுகிற விஷயமே உங்கள் கட்டடத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

திருத்திய முதல் அத்தியாயத்தை அனுப்புங்கள், படிக்கிறேன். அதற்கு முன்னால், பூட்டு மாற்றியாயிற்று என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.