பக்கக் குழாய் ஏன் ஒலியைத் தடுக்கிறது?

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு முனையில் ஸ்பீக்கர் வைத்த 2 இஞ்ச் பி.வி.சி. பைப்பில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு, மறுமுனை மூடிய 1 இஞ்ச் பைப்புகள் மூன்றைப் பக்கவாட்டில் மாட்டினோம். 250, 500, 1000 ஹெர்ட்ஸ் ஒலிகள் அந்தந்தக் குழாயில் தனியாகக் கேட்கும் என்று நினைத்தோம். பெரிய பைப்பின் முடிவில் அந்த மூன்றும்தான் காணாமல் போகின்றன. ஏன்?
— ஆசிரியை, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: நீங்கள் செய்திருப்பது நல்ல வடிகட்டி. கால் அலைநீளமுள்ள குழாய்க்குள் போன ஒலி, மூடியில் மோதி, வாய்க்கு வரும்போது எதிர்க்கட்டத்தில் (ஏற்றம் இறக்கமாக மாறி) திரும்புகிறது. அதனால் டீயின் வாயில் அழுத்த மாற்றம் ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும். அந்த அதிர்வெண் மேலே செல்ல வழியின்றி ஸ்பீக்கர் பக்கமே திரும்பிவிடுகிறது. 250-க்கான குழாய் 750 ஹெர்ட்ஸையும் தடுக்கும். கால் அலைக் குழாய்க்கு ஒற்றைப்படை மடங்குகளும் பொருந்தும்.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். 30 டிகிரியில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும்; 500 ஹெர்ட்ஸுக்குக் கால் அலை 17.45 செ.மீ. இது பெரிய பைப்பின் உட்சுவரிலிருந்து மூடியின் உட்பக்கம் வரையான நீளம். டீயின் கழுத்தும் இதில் சேரும். வாய்க்கு வெளியே உள்ள கொஞ்சம் காற்றும் சேர்ந்து அதிர்வதால், சரியான நீளம் இதைவிடச் சற்றுக் குறைவாக வரும். ஆகவே 17.5 செ.மீ. வைத்துத் தொடங்கி, 2 மி.மீ. 2 மி.மீ. ஆக அறுங்கள். அதுவரை மூடியை ஒட்டாமல் வாசலின் தடவிச் செருகுங்கள். மயிரிழை இடைவெளி இருந்தாலும் தடுப்பு பலவீனமாகிவிடும்.

பெரிய பைப்பின் கடைசி அரை மீட்டரில் தறிக்கூடத்துக் கழிவுப் பஞ்சைத் தளர்வாக நிரப்பி, பஞ்சுக்கு முன்னால் மைக் வையுங்கள். இல்லாவிட்டால் திறந்த முனையின் எதிரொலி கணக்கைக் குழப்பும்.

ஒலியைப் பிரித்துக் கேட்க வேண்டுமென்றால் மூன்று குழாய்களையும் கழற்றி, திறந்த வாய்களை ஸ்பீக்கரை நோக்கி வரிசையாக வையுங்கள். மூடியில் 3 மி.மீ. துளையிட்டு, குட்டி மைக்கை எம்-சீல் வைத்து அடையுங்கள். ஒத்ததிர்வில் (குழாய் தன் அதிர்வெண்ணுக்குப் பலமாக அதிரும்போது) அழுத்தம் உச்சமாவது அங்கேதான். வாயருகே மைக் வைத்தால் ஏமாற்றமே.

கேள்வி: சேலத்தில் சுருதி சேர்த்த குழாய் ஏற்காட்டில் பிசகுகிறது. 1,500 மீட்டர் உயரம்தான் காரணமா?
— மாணவர், ஏற்காடு

பதில்: குளிர்தான் காரணம். மலையில் காற்றழுத்தமும் அடர்த்தியும் சேர்ந்தே குறைவதால் உயரம் ஒலி வேகத்தைத் தொடாது. 38 டிகிரியில் 354 மீட்டராக இருக்கும் வேகம் 18 டிகிரியில் 342. 500 ஹெர்ட்ஸ் குழாய் 483-க்கு இறங்கிவிடும். மூடிக்குப் பதில் இறுக்கமான ரப்பர் தக்கையை ஒரு குச்சியில் பொருத்தி, 6 மி.மீ. உள்ளே தள்ளினால் மீண்டும் 500.