பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு பாட்டுப் புத்தகம்

அன்புள்ள அக்கா,

திருகோணமலையில் எங்கள் சபையின் ஆராதனைக் குழுவில் இருக்கிறேன். மூதூரிலிருந்து பாலையூற்றுக்குக் குடிவந்த ஒரு குடும்பம் மூன்று ஞாயிறு வந்தது. முதல் நாளே எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டி வரவேற்றோம். நான்காம் வாரம் முதல் அவர்களைக் காணவில்லை. பிள்ளைகளின் பெயர்கூட எங்களில் எவருக்கும் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. கீர்த்தனைகளைக் குறைத்து, டிரம்ஸும் பாட்டு வரிகளைக் காட்டும் திரையும் வாங்கினால் புதியவர்கள் நிலைப்பார்கள் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பெரியவர்கள் மறுக்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர், திருகோணமலை

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளைகளின் பெயர் தெரியாது என்று ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய வரி அதுதான்.

என் அம்மம்மாவுக்குக் கீர்த்தனைகள் பெரும்பாலும் மனப்பாடம். ஆனாலும் பாட்டுப் புத்தகம் இல்லாமல் கோயிலுக்குப் புறப்படமாட்டார். பின்வரிசை வாங்கில் யாராவது தனியாக அமர்ந்திருந்தால் மெல்லப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து இருவருக்கும் நடுவில் பிடிப்பார். பாடப்பாட அவருடைய விரல் வரிக்குக் கீழே ஓடும். பல்லவிக்குத் திரும்பும்போது விரலும் மேலே ஏறும். வந்தவர் எந்த ஊர், என்ன சமயம் என்று கேட்டதே இல்லை. ஆராதனை முடிந்ததும் பிள்ளையின் பெயரை மட்டும் கேட்பார். அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார். வரவேற்பு என்றால் எனக்கு இன்றும் அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது.

எழுந்து நிற்கச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். முன்பின் தெரியாத முகங்கள் ஒரேயடியாகத் திரும்பிப் பார்ப்பது கூச்சமுள்ளவருக்குத் தண்டனை. வேலை மாறிப்போன ஓர் ஊரில் நானும் அப்படி நின்றிருக்கிறேன். கைதட்டினார்கள். பிறகு தங்களுக்குள் பேசியபடி கலைந்து போனார்கள். தேநீர்க் கோப்பையோடு மதிலோரம் தனியே நின்றுவிட்டு வீடு திரும்பினேன்.

டிரம்ஸ் வாங்குவதில் பிழை இல்லை. வாசிக்கப் பிள்ளைகள் இருந்தால் வாங்குங்கள். ஆனால் அதற்காகக் கீர்த்தனைகளைக் கைவிடாதீர்கள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் ராகங்களிலேயே கட்டித் தந்த பாட்டுகள் அவை. சம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் கோயில் இருக்கும் ஊர் உங்களுடையது. தேவாரம் கேட்டு வளர்ந்த ஒருவர் உள்ளே வந்தால், சொற்கள் புதியவையாக இருந்தாலும் இசை அவருக்கு அந்நியமாக இராது. பெரியவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும்: இழுத்து இழுத்துப் பாடி அவற்றின் தாளத்தை நாமே கொன்றுவிட்டோம். மிருதங்கம் தெரிந்த பிள்ளை ஒருவரை முன்னால் அமர்த்துங்கள்.

எப்போது எழுவது, எந்தப் பக்கத்தைத் திருப்புவது, அப்பமும் திராட்சை ரசமும் பெறும் திருவிருந்துக்கு எழுந்து முன்னே போகலாமா கூடாதா என்ற தவிப்பே புதியவரை அதிகம் வாட்டுகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், சொல்வது விளங்காதவன் எப்படி ஆமென் சொல்வான் என்று பவுல் கேட்கிறார். போதகர் பக்க எண்ணைச் சொல்லட்டும். யார் திருவிருந்துக்கு வரலாம், வராதவர்கள் என்ன செய்யலாம் என்பதையும் உங்கள் சபை ஒழுங்கின்படி கனிவாகச் சொல்லட்டும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில் பிள்ளைகள் உட்படப் பலரைப் பறிகொடுத்தோம். அதன் பிறகு வாசலில் பைகளைத் திறந்து பார்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் புதியவர் முதலில் காணும் முகம் அங்கே நிற்பவருடையது. சபையிலேயே மிகக் கனிவான இருவரை அங்கே நிறுத்துங்கள். பையைப் பார்த்த கையோடு உள்ளே கூட்டிவந்து, யாராவது ஒருவர் பக்கத்தில் அமர்த்திவிட்டுப் போகட்டும்.

கி.பி. 150 அளவில் வாழ்ந்த இரத்தசாட்சி ஜஸ்டின், அக்கால ஞாயிறு ஆராதனையை விவரித்திருக்கிறார். வேதவாசிப்பு, போதனை, ஜெபம், அப்பமும் திராட்சை ரசமும். அத்தோடு முடியவில்லை. வராதவர்களின் பங்கை உதவிக்காரர்கள் எடுத்துச் சென்றார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டவர்களுக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களுக்கும் போனது. யார் வரவில்லை என்று தெரிந்த சபையால்தான் இப்படிச் செய்ய முடியும்.

ஆகவே இந்த வாரமே பாலையூற்றுக்குப் போங்கள். குழுவாக வேண்டாம், நீங்களும் உங்கள் அம்மாவும் போதும். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் போகிறார்கள், புது வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு எனக்கும் எழுதுங்கள். என் ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா