அப்பாவை வயலுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. திருவாரூர் பக்கம் விவசாயம் செய்கிறார். அவர் மூக்கோரத்தில் ஒன்றரை வருடமாகக் கறுப்பாக ஒரு சின்னக் கட்டி இருந்தது. மச்சம் என்று விட்டுவிட்டோம். போகப் போக நடுவில் புண்ணாகி, பொருக்கு விழுவதும் மறுபடி ரத்தம் கசிவதுமாக இருந்தது. பயாப்சியில் (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை) பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. அடுத்த மாதம் ஆபரேஷன். கத்தி வைத்தால் பரவிவிடும் என்கிறார் பெரியப்பா. அம்மா தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். அப்பாவிடம் சாதாரணக் கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம். வெயில் ஆகாது என்று வயலுக்கும் விடுவதில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார், யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. நாங்கள் செய்வது சரிதானா? என் உள்ளங்காலிலும் ஒரு மச்சம் இருக்கிறது. அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதல் வேலையாக அந்தத் தட்டையும் டம்ளரையும் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். புற்றுநோய் தொற்றாது. எச்சிலில் வராது, தொட்டாலும் வராது, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சினாலும் வராது. அம்மா பயத்தில் செய்துவிட்டார், அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் அந்தத் தனி டம்ளரைப் பார்த்த நிமிடமே அப்பாவுக்கு எல்லாம் புரிந்திருக்கும்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது என் அறை வாசலில் நின்று கிசுகிசுக்கிறார்கள். அந்த அப்பா உள்ளே வரும்முன் ஒரு மணி நேரம் வெளி பெஞ்சில், 'புற்றுநோய்ப் பிரிவு' என்று எழுதிய பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பார். பெயரைச் சொல்லாமல் விட்டால் நோயைப் பற்றி அவருக்கு நீங்கள் யாருமே சொல்லாத கதையெல்லாம் தோன்றும். உங்கள் அப்பா பேசாமல் இருப்பதற்குக் காரணம் அந்தப் புண் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவரிடம் சொல்லுங்கள். நீங்களே சொல்லலாம், இல்லாவிட்டால் ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவரை உங்கள் முன்னால் சொல்லச் சொல்லலாம். "அப்பா, இதுவும் ஒரு வகை கேன்சர்தான். ஆனா பரவாத வகை. எடுத்துட்டா சரியாயிடும்." இவ்வளவு போதும். சொல்லிவிட்டு உடனே ஆறுதல் மழை பொழியாதீர்கள். கொஞ்சம் சும்மா இருங்கள். அவர் கேட்கும் கேள்வி உயிரைப் பற்றியதாக இல்லாமலும் போகலாம். செலவு எவ்வளவு ஆகும், நடவுக்குள் எழுந்துவிடலாமா என்றுகூடக் கேட்பார். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், ஆபரேஷன் செய்யும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

'பரவாத வகை' என்பதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தோல் புற்றுநோயில் முக்கியமானவை மூன்று. அவற்றில் பேசல் செல் கார்சினோமாதான் ரொம்பச் சாது. மற்ற உறுப்புகளுக்குப் போவது நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. மெதுவாக, வருடக்கணக்கில் வளரும். நம் நிறத்தவர்களுக்குப் பெரும்பாலும் கறுப்பாகவே வருவதால் மச்சம் என்று ஏமாந்துபோவது சகஜம், அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். சாதுதான் என்று விட்டுவிடவும் முடியாது. பழைய டாக்டர்கள் இதற்கு 'ரோடன்ட் அல்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எலி கொறித்த புண் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்த இடத்திலேயே மூக்கின் குருத்தெலும்பு, கண்ணோரம் என்று அரித்துக்கொண்டே போகும். அதனால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரியப்பாவுக்கு வருவோம். கத்தி வைப்பதால் இது பரவாது, பயாப்சி எடுத்ததாலும் பரவாது. மிகவும் முற்றிய நிலையில் ஆபரேஷன் செய்து, அதன் பிறகு காப்பாற்ற முடியாமல் போனவர்களைப் பார்த்துத்தான் ஊரில் அந்தப் பேச்சு கிளம்பியிருக்க வேண்டும். இந்த வகைக் கட்டியை முதல் தடவையிலேயே முழுசாக எடுத்துவிட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த இடத்தில் திரும்ப வருவதில்லை. பெரியப்பாவிடம் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மச்சம், மரு என்றால் சுண்ணாம்பு வைத்துக் கரைப்பது நம் ஊர் வழக்கம். மேல்தோல் வெந்து ஆறின மாதிரி தெரியும், அடியில் கட்டி வேர்விட்டுக்கொண்டிருக்கும். ஆபரேஷன் வரை யாரும் எதையும் அதில் தடவ வேண்டாம்.

ஆபரேஷன் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் நடக்கும். கட்டியோடு சேர்த்துச் சுற்றிலும் சில மில்லிமீட்டர் நல்ல தோலையும் எடுத்து, ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மூக்கோரத்தில் இழுத்துத் தைக்கத் தோல் போதாது. கன்னத்திலிருந்து கொஞ்சம் திருப்பி வைத்துத் தைப்பார்கள், அல்லது வேறு இடத்துத் தோலை ஒட்டுவார்கள். இரண்டாம் நாள் கண் இமை வீங்கி நீலம் பாரித்துப் பார்க்கவே பயமாக இருக்கலாம். அது எதிர்பார்க்கிறதுதான், சில நாளில் வடியும். ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ உடனே காட்டுங்கள். முகத்துத் தையலைப் பொதுவாக ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடுவார்கள். பீடி பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள், புகை பிடித்தால் ஒட்டிய தோல் சரியாகப் பிடிக்காது. இதயத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கட்டுப் பிரித்ததும் அவர் முதல் தடவை கண்ணாடி பார்ப்பார். பக்கத்தில் யாராவது இருங்கள். பார்க்க வரும் உறவுக்காரர்களில் ஒருவர் கண்டிப்பாக "என்ன மூஞ்சி இப்படி ஆயிடுச்சு" என்பார். அவரை வாசலிலேயே மடக்கி, தழும்பு சிவந்து தெரிவது மாதக்கணக்கில் மங்கும் என்று சொல்லி உள்ளே அனுப்புங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் கல்யாணம், கருமாதி எதற்கும் போகாமல் வீட்டிலேயே அடைந்துகிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, வயல். உங்கள் கேள்வியிலேயே எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அவரைத் திண்ணையில் உட்கார வைத்தது தப்பு. மூக்கில் இன்றைக்கு இருக்கும் கட்டி இந்த வருஷத்து வெயிலில் வந்ததில்லை. முப்பது நாற்பது வருஷம் சேர்ந்த வெயிலின் கணக்கு அது. அவர் நாலு நாள் வரப்பில் நடப்பதால் அது பெரிதாகிவிடப்போவதில்லை. இனி நாம் வெயிலைத் தடுப்பது, இன்னொரு இடத்தில் இன்னொன்று வராமல் இருக்கத்தான். அதற்கு வயலை விட வேண்டியதில்லை, வேலை நேரத்தை மாற்றினால் போதும்.

நேரம் பார்க்க அவருக்குக் கடிகாரமும் வேண்டாம், அவர் நிழலே சொல்லிவிடும். நிழல் அவர் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் புற ஊதாக் கதிர் பலமாக இருக்கிறது என்று அர்த்தம், மரத்தடிக்கு வந்துவிட வேண்டும். உங்கள் பக்கத்தில் கோடையில் அது ஏறக்குறைய காலை ஒன்பதேகாலிலிருந்து மதியம் மூன்றேகால் வரை. சித்திரை முதல் வாரத்தில் உச்சிப்பொழுதில் நிழல் காலடிக்குள்ளேயே சுருண்டுவிடும். விடிகாலையில் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறி, மாலையில் மறுபடி போவது பழைய ஆட்களுக்குப் புதிதில்லை. மேகமூட்டமாக இருந்தாலும் இதே நேரம்தான், மேகத்தைத் தாண்டியும் அந்தக் கதிர் நிறையவே வரும்.

அப்புறம், துண்டு. தலையில் துண்டு கட்டினால் மண்டைதான் தப்பும். மூக்கு, காது, பிடரி எல்லாம் வெளியேதான். கிரிக்கெட் தொப்பியும் காதையும் கழுத்தையும் விட்டுவிடும். சுற்றிலும் மூன்று அங்குலமாவது விளிம்புள்ள தொப்பி வேண்டும். பனையோலைத் தொப்பி கிடைத்தால் ரொம்ப நல்லது, காற்றும் போகும். துண்டை அதற்கு அடியில் பிடரி மறைய விட்டுக்கொள்ளட்டும். முழுக்கைச் சட்டையும் போடட்டும்.

சன்ஸ்கிரீன் இதற்கு அடுத்துத்தான். கையில் இருக்கும் காசுக்குத் தொப்பியா, கிரீமா என்றால் நான் தொப்பி என்றுதான் சொல்வேன். வாங்க முடிந்தால் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு, டியூபிலேயே போட்டிருக்கும்) 30 அல்லது அதற்கு மேல், ஜெல்லாக இருந்தால் வியர்வையில் பிசுபிசுக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பொட்டு வைக்கிற மாதிரி தடவுவதில் பயன் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். தையல் ஆறும்வரை அந்த இடத்தில் மட்டும் வேண்டாம், எப்போது தொடங்கலாம் என்று டாக்டர் சொல்வார். "கிழவனுக்கு என்னம்மா மேக்கப்பு" என்று ஒரு பெரியவர் என்னிடமே டியூபைத் திருப்பிக் கொடுத்தார். விளம்பரங்கள் அதை வெள்ளையாக்கும் கிரீம் மாதிரி விற்பதன் விளைவு இது. "மூக்குக்கு மருந்து" என்று சொல்லிக் கொடுங்கள், போட்டுக்கொள்வார்.

ஒருமுறை இது வந்தவருக்கு வேறு இடத்தில் இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். டாக்டர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை, காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் அம்மாவுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது உச்சந்தலை, காதுக்குப் பின்புறம், முதுகு எல்லாம் பார்த்துவிடட்டும். நாலு வாரத்தில் ஆறாத புண், எப்போதோ தீப்பட்ட தழும்பில் புதிதாகக் கிளம்பும் புண், இடுப்பில் வேட்டி இறுக்கும் இடத்தில் தடித்துப் புண்ணாவது, இதில் எது தெரிந்தாலும் காட்ட வேண்டும். சேலை இறுக்கும் இடத்திலும் அப்படி வருவதுண்டு, அம்மா தன் இடுப்பையும் பார்த்துக்கொள்ளட்டும். டம்ளரைப் பிரித்து வைத்த கைக்கு இந்த வேலை பிடிக்கும்.

கடைசியாக உங்கள் மச்சம். அப்பாவுக்கு வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. உள்ளங்காலில் நாங்கள் தேடுவது மெலனோமா என்ற வேறு வகை. அது பரவக்கூடியது, ஆனால் அபூர்வம். வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும்தான் நம் நிறத்தவர்களுக்கு அது அதிகம் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்துக்கு அடியில் வந்ததும் அதுதான், 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36. சின்ன வயதிலிருந்தே இருந்து, ஒரே நிறமாக, மாறாமல் இருக்கும் மச்சம் பெரும்பாலும் வெறும் மச்சமேதான். சமீபத்தில் வந்தது, ஓரம் கோணல்மாணலாக இருப்பது, ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் பழுப்புமாக இருப்பது, வளர்வது, கசிவது என்றால் இந்த வாரமே தோல் டாக்டரிடம் போங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, அப்பாவுக்குத் தையல் பிரிக்கப் போகும் அன்று செருப்பைக் கழற்றி நீங்களும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.