கை மெலியுதுன்னா எல்லாம் ஒரே வியாதியா?

கேள்வி: எங்க அண்ணன் பொண்ணு நியூராலஜி முடிச்சுட்டு கிளினிக் வைக்காம மோட்டார் நியூரான் வியாதி ஆராய்ச்சிக்குப் போயிட்டா சார். குணமே ஆகாத வியாதியில என்னத்த ஆராயுறதுன்னு வீட்ல கேக்குறாங்க, எனக்கும் பதில் சொல்லத் தெரியல.

பதில்: அந்தப் பொண்ணு பண்றது பெரிய வேலைங்க. முதுகுத்தண்டுக்குள்ள மோட்டார் நியூரான்னு ஒரு செல் இருக்கு, அதுல இருந்து நூல் மாதிரி ஒரு இழை கிளம்பி நரம்பு வழியா ஓடி தசைல போய் சேருது, பாதத்துக்குப் போற இழைன்னா கிட்டத்தட்ட 1 மீட்டர் நீளம் இருக்கும். செல்லே செத்துப்போனாலும் கை மெலியும், செல் நல்லா இருந்து வழியில இழையோ அது மேல இருக்கிற மயலின் உறையோ கெட்டாலும் கை மெலியும். பாக்குறதுக்கு ரெண்டும் ஒண்ணு போலவே தெரியலாம், ஆனா உறை கெட்டதுல பல வியாதிக்கு வைத்தியம் இருக்கு, செல் செத்தா அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. எது எதுன்னு பிரிச்சு எடுக்கிறதுதான் இந்த ஆராய்ச்சியோட உயிர்னு நான் நினைக்கிறேன்.

மல்டிஃபோகல் மோட்டார் நியூரோபதின்னு, செல் சாகாம வழியில நரம்பு கெடுற வியாதி ஒண்ணு இருக்கு. ஒரு கைல விரலைத் தூக்க முடியாம ஆரம்பிக்கும், மரத்துப்போகாது, வலியும் பெருசா இருக்காது, அதனால மோட்டார் நியூரான் செல்லே சாகுற ஏஎல்எஸ்ங்கிற வியாதின்னு நினைச்சுக்கிறது ரொம்ப சுலபம். 1980கள்லதான் இது தனி வியாதின்னு தெளிவாச்சு, நரம்புல சிக்னல் பாதி வழில நின்னுபோகுதுன்னும், நிறைய பேர் ரத்தத்துல ஜிஎம்1ங்கிற கொழுப்புப்பொருளுக்கு எதிரா ஆன்டிபாடி இருக்குன்னும் பாத்தாங்க. இம்யூனோகுளோபுலின்ங்கிற மருந்தை ரத்தத்துல ஏத்தினா பெரும்பாலானவங்களுக்கு பலம் கூடுது. அதுக்கு முன்னாடி இந்த மாதிரி எத்தனை பேர் கிட்ட "ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லி அனுப்பியிருப்பாங்கன்னு யோசிச்சா மனசு கனக்குது.

நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. சின்ன வயசுக்காரங்களுக்கு வந்து, முகமும் நாக்கும் பலவீனமாகி, காதும் கேக்காமப் போய், ஆனா ரொம்ப மெதுவா நகர்ற ஒரு வகையை 1970ல சென்னை டாக்டருங்க எழுதி வெச்சாங்க, இன்னைக்கும் உலகம் அதை மெட்ராஸ் மோட்டார் நியூரான் வியாதின்னுதான் சொல்லுது. பெட்டு பக்கத்துல உக்காந்து கவனிச்சுப் பாத்ததுல வந்தது அது. ஏஎல்எஸ்ல இருந்து இதைப் பிரிச்சுச் சொன்னா, அந்த வீட்டுக்காரங்க இனி வர்ற வருஷங்களை வேற மாதிரி பாப்பாங்க இல்லையா?

குணமே ஆகாதுன்னு சொல்றதுலயும் பாதிதான் உண்மை. பிரான்ஸ்ல ஷார்க்கோங்கிற டாக்டர் ஏஎல்எஸ்ஸை விவரிச்சது 1869ல, முதல் மருந்து ரிலுசோல் வந்தது 1995ல, அதுவும் ஆயுளைச் சில மாசம்தான் நீட்டுது. ஆனா பிறந்த குழந்தைங்களோட மோட்டார் நியூரான் சாகுற எஸ்எம்ஏவைப் பாருங்க, ஜீன் கிடைச்சது 1995, முதுகுத்தண்டு நீர்ல போடுற நுசினெர்சென் 2016ல வந்துடுச்சு. அதுல டைப் 1ங்கிற கடுமையான வகை வந்த குழந்தைங்க வெண்டிலேட்டர் இல்லாம 2 வயசு தாண்டுறதே அபூர்வமா இருந்த காலம் போய், சீக்கிரமே மருந்து கிடைச்ச குழந்தைங்க உக்காருறாங்க, சிலர் நடக்கவும் செய்றாங்க. ஏஎல்எஸ்லயும் எஸ்ஓடி1 ஜீன் கோளாறு இருக்கிறவங்களுக்கு மட்டும் 2023ல அமெரிக்காவுல டோஃபெர்சென்னு ஒரு மருந்துக்கு அனுமதி கிடைச்சிருக்கு, மொத்த நோயாளிங்கள்ல அவங்க 2 சதவீதம் அளவுதான், இருந்தாலும் ஜீனைக் கண்டுபிடிச்ச 1993ல இருந்து 30 வருஷம் விடாம பண்ணின வேலை அது. இதையெல்லாம் வீட்ல சொல்லுங்க.

கேள்வி: 2 மாசமா கெண்டைக்கால் சதை துடிக்குது. நெட்ல படிச்சதுல இருந்து தூக்கமே வரல. ஏஎல்எஸ்ஸா இருக்குமா?

பதில்: துடிப்பு மட்டும் இருந்து பலம் குறையலைன்னா, சதை மெலியலைன்னா, பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இல்லைங்க, களைப்பு, காபி, தூக்கமில்லாதது, பதற்றம் இதெல்லாமே சதையைத் துடிக்க வைக்கும், நீங்க ராத்திரி முழுக்க முழிச்சு அதையே கவனிச்சா இன்னும் கூடும். பாதம் தூக்க முடியாம தடுக்குது, செருப்பு கழண்டு போறது தெரியல, பட்டன் போட கஷ்டமா இருக்குன்னா மட்டும் தள்ளிப்போடாம நியூராலஜிஸ்ட்டைப் பாருங்க. நரம்பு மேல சின்னதா ஷாக் குடுத்து சிக்னல் எவ்வளவு வேகமா ஓடுதுன்னு அளப்பாங்க, கைல பொதுவா வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல இருக்கும், மயலின் போனா அது இறங்கிடும். ஊசி வெச்சு தசையையும் பாப்பாங்க, கொஞ்சம் வலிக்கும், ஆனா அதுல கிடைக்கிற பதில் தெளிவா இருக்கும்.

கேள்வி: விபத்துல முழங்கை பக்கம் நரம்பு அறுந்து தெச்சாங்க. 3 மாசம் ஆகியும் விரல் அசையல. ஆபரேஷன் வீணா?

பதில்: இப்பவே வீண்னு முடிவு பண்ணாதீங்க. அறுந்த இழை ஒரு நாளைக்குச் சுமாரா 1 மில்லிமீட்டர்தான் வளரும், முழங்கைல இருந்து விரலுக்குப் போகணும்னா கணக்குப் போட்டுப் பாருங்க, 3 மாசத்துல 9 சென்டிமீட்டர்தான் ஆகியிருக்கும். அது வந்து சேர்ற வரைக்கும் மூட்டு இறுகிடாம பிசியோதெரபி விடாம பண்ணுங்க, தெச்ச டாக்டர் கிட்ட செக்கப்புக்கும் தவறாம போயிட்டு வாங்க.