முட்டையை நிறுத்தியும் கொலஸ்ட்ரால் ஏன் குறையவில்லை?

கேள்வி: நான் 47 வயதுப் பெண். ஊர் நாகர்கோவில். சர்க்கரை நோயோ இதய நோயோ இல்லை. மூன்று மாதங்களுக்கு முன் எடுத்த பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 238, எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் 160 என்று வந்ததால், முட்டையையும் ஆட்டிறைச்சியையும் அறவே நிறுத்திவிட்டேன். சமையலுக்குத் தேங்காய் எண்ணெயும் ரேஷன் பாமாயிலும் பயன்படுத்துகிறேன். இப்போது மொத்தக் கொலஸ்ட்ரால் 236, எல்.டி.எல். 158, எச்.டி.எல். எனும் நல்ல கொலஸ்ட்ரால் 42, டிரைகிளிசரைடு எனும் இரத்தக் கொழுப்பு 180. உணவினாலேயே இதைக் குறைக்க முடியாதா?

பதில்: நீங்கள் மூன்று மாதங்கள் மனக்கட்டுப்பாட்டுடன் இருந்தும் பலன் கிடைக்காததற்குக் காரணம், உங்கள் முயற்சியின் குறை அன்று, கட்டுப்படுத்த வேண்டிய பொருள் வேறாக இருந்ததுதான். இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நம் உடலிலேயே உற்பத்தியாகிறது. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொலஸ்ட்ரால் இருந்தாலும், பெரும்பாலானோருக்கு அதனால் எல்.டி.எல். பெரிதாக ஏறுவதில்லை. அதைவிட அதிகமாக ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்). கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது அந்த ஏற்பிகளின் செயல்பாடு குறைந்து, துகள்கள் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதமும், பாமாயிலில் 40 சதவீதத்துக்கு மேலும் நிறைவுற்ற கொழுப்பே. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இது 20 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. எண்ணெய்ப் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. எந்தத் தாவர எண்ணெயிலும் இயல்பாகவே கொலஸ்ட்ரால் கணக்கில் வரும் அளவுக்கு இருப்பதில்லை. ஆகவே தாளிக்கவும் வதக்கவும் நல்லெண்ணெய்க்கோ கடலை எண்ணெய்க்கோ மாறுங்கள். பழைய எண்ணெயோடு கூடுதலாக அல்ல, அதற்குப் பதிலாக. அதுவும் ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்ற அளவில் போதும். குமரி மாவட்டத்துச் சமையலைத் தேங்காயின்றி நினைத்துப் பார்க்க முடியாது என்பதை அறிவேன். அவியலிலும் தீயலிலும் வழக்கமாகச் சேர்ப்பதில் பாதித் தேங்காயைச் சேர்த்துப் பாருங்கள், ருசி கெடாது. ஆனால் தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸை வீட்டில் வாங்கி வைக்காதிருப்பதே நல்லது. பேக்கரி பஃப்ஸும், வனஸ்பதி சேர்த்த இனிப்புகளும் அப்படியே.

குறைப்பதோடு நில்லாமல், சேர்க்க வேண்டியவையும் உண்டு. கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு மலத்துடன் வெளியேறுவதால், புதிய பித்தத்தை உண்டாக்கக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பார்லி, ஓட்ஸ், வெண்டைக்காய், கொய்யா ஆகியவற்றில் இந்த நார்ச்சத்து இருக்கிறது. நாளும் ஒரு வேளையாவது ஒரு கிண்ணம் பயறு இருக்கட்டும். அந்த வேளையில் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிரைகிளிசரைடு 150-ஐத் தாண்டியிருப்பதால், சோற்றின் அளவும் தேநீரில் போடும் சர்க்கரையும் குறைவது அவசியம். வாரம் இரண்டு முறை சாளை அல்லது அயிலையைப் பொரிக்காமல் குழம்பாக வைத்துச் சாப்பிடலாம். நிறுத்திய முட்டையில் நாளுக்கு ஒன்றைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம், ஆட்டிறைச்சி மட்டும் எப்போதாவது போதும்.

இவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் எல்.டி.எல். 10 முதல் 15 சதவீதம் குறையும் என்று எதிர்பார்க்கலாம். அதாவது உங்களுக்கு 140-ஐ ஒட்டி வரக்கூடும். மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். அதற்கு முன்பே தைராய்டு பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்வது நல்லது, ஏனெனில் உங்கள் வயதுப் பெண்களிடம் தைராய்டு சுரப்புக் குறைவு அறியப்படாமலே இருந்து கொலஸ்ட்ராலை உயர்த்துவதை அடிக்கடி பார்க்கிறோம். மாதவிடாய் நிற்கும் காலத்திலும் எல்.டி.எல். உயர்வதுண்டு. உங்கள் தந்தைக்கோ உடன்பிறந்த ஆண்களுக்கோ 55 வயதுக்கு முன்போ, தாய்க்கோ சகோதரிகளுக்கோ 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், இந்த மூன்று மாதங்களுக்குக் காத்திருக்காமல் மருத்துவரை நேரில் பார்த்து, மாத்திரை தேவையா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.